வால்வு திறந்த நேரம் அளவாகாது

வீட்டில் கட்டப்படும் தானியங்கிப் பான இயந்திரங்களில் திரவத்தை அளக்கப் பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை ஒன்றுதான். குப்பிகளை மேல்தட்டில் வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சொலினாய்டு வால்வைப் பொருத்தி, அர்டுயினோ பலகையும் ரிலேவும் கொண்டு அந்த வால்வை இத்தனை நொடி திறந்து மூடுவார்கள். நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் விழுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும், பிறகு வேண்டிய அளவை நொடிகளாக வகுத்துக்கொள்ளலாம் என்பது இதன் அடிப்படை. பொறியியல் மாணவர்களின் கண்காட்சி மாதிரிகளிலும் பொழுதுபோக்காக இயந்திரம் கட்டுவோரின் செய்முறைகளிலும் இது கேள்வியின்றி ஏற்கப்பட்ட பாடமாகிவிட்டது. அந்தப் பாடம் தவறு. சில நேரங்களில் கொஞ்சம் பிசகும், சரிசெய்துகொள்ளலாம் என்ற அளவில் முடிகிற தவறும் அன்று. அளக்க வேண்டிய பொருளை அளக்காமல், அதோடு தற்காலிகமாக ஒத்துப்போகும் வேறொன்றை அளப்பதால் வரும் தவறு.

இந்த நம்பிக்கை நிலைப்பதற்குக் காரணம் அதைச் சோதிக்கும் விதம். இயந்திரம் கட்டி முடித்ததும் குப்பியைத் தண்ணீரால் நிரப்பி, வால்வை ஐந்து நொடி திறந்து, விழுந்ததை அளவுக்குவளையில் பார்க்கிறார்கள். மீண்டும் இரண்டு மூன்று முறை செய்தால் ஏறத்தாழ அதே அளவுதான் வருகிறது. அந்த எண் நிரலுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சோதனையில் நீர்மட்டம் மாறவில்லை, திரவம் மாறவில்லை, வெப்பநிலையும் மாறவில்லை. இயந்திரம் வேலை செய்யத் தொடங்கியதும் இந்த மூன்றும் மாறுகின்றன. குப்பி காலியாகிக்கொண்டே வருகிறது. தண்ணீர் இருந்த இடத்தில் நன்னாரிப் பாகோ எலுமிச்சைச் சாறோ வருகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாகு மெல்ல மெல்ல அறையின் சூட்டுக்கு வருகிறது.

முதலில் நீர்மட்டம். திறந்த துளை வழியே வெளியேறும் திரவத்தின் வேகம் அதற்கு மேல் நிற்கும் திரவத்தின் உயரத்தின் இருமடி மூலத்தைப் பொறுத்தது என்பதை டாரிசெல்லி 1644இல் வெளியிட்டார். துளைக்கு மேல் 24 செ.மீ. நிற்கும்போது இருந்த வேகம், மட்டம் 6 செ.மீ. ஆக இறங்கும்போது பாதியாகிவிடும். அதாவது அதே ஐந்து நொடியில் முதல் குவளைக்கு விழுந்ததில் பாதிதான் கடைசிக் குவளைக்கு விழும். இது டாரிசெல்லிக்கும் வெகுகாலம் முன்பே தெரிந்த தொல்லை. நீர்க் கடிகாரம் செய்தவர்கள் இதே சிக்கலை எதிர்ப்புறத்திலிருந்து சந்தித்தார்கள்: நீர் சீராக ஒழுகாவிட்டால் நேரம் சீராக ஓடாது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த கிடெசிபியோஸ், ஒழுகும் கலத்துக்கு மேலிருந்து இடைவிடாமல் நீர் வரவிட்டு, மிகுந்ததை வழியவிட்டு, மட்டத்தை ஒரே உயரத்தில் நிறுத்தினார். மட்டத்தைக் கட்டுப்படுத்தாமல் நேரத்தையும் நீரையும் இணைக்க முடியாது என்று இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உணரப்பட்டிருந்தது. அர்டுயினோ போன்ற மைக்ரோகன்ட்ரோலர் வந்ததால் அந்த இயற்பியல் மாறிவிடவில்லை. அது நேரத்தை மைக்ரோநொடிக் கணக்கில் வெட்டித் தரும். மட்டத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இதற்குக் கொடுக்கப்படும் வழக்கமான பதில், குப்பியை உயரத்தில் வைத்துவிட்டால் மட்ட வேறுபாடு பொருட்டாகாது என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. குழாயின் வாய் குப்பியின் அடியிலிருந்து 45 செ.மீ. கீழே இருந்தால், குப்பிக்குள் மட்டம் 20 செ.மீ. இறங்கும்போது மொத்த உயரம் 65இலிருந்து 45 ஆகத்தான் குறைகிறது. தண்ணீர் அகலமான துளையில் ஓடினால் முதல் குவளைக்கும் கடைசிக் குவளைக்கும் இடையே சுமார் 17 சதவீதம் குறையும். ஆனால் கெட்டியான பாகு மெல்லிய குழாயில் போகும்போது டாரிசெல்லியின் விதி பொருந்தாது. அங்கே ஆட்சி செய்வது ஹாகனும் புவாசேயும் 1839, 1840 வாக்கில் தனித்தனியே கண்ட விதி. அதில் ஓட்டம் உயரத்துக்கு நேர்விகிதமாகவே குறையும். அப்போது குறைவு 31 சதவீதம். அதோடு அந்த விதி குழாயின் ஆரத்தை நான்காம் அடுக்கில் எடுத்துக்கொள்கிறது. வளைவில் சற்று நசுங்கிய குழாய், உட்புறம் படிந்த சர்க்கரை, கவ்வி இறுக்கிய இடம் ஆகிய ஒவ்வொன்றும் நொடிக்கணக்கைக் குலைக்கப் போதுமானது.

மட்டச் சிக்கலுக்கு மட்டும் ஒரு நல்ல தீர்வு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயற்பியலாளர் மரியோத்தின் பெயரால் வழங்கும் குப்பி அது. குப்பியின் வாயைக் காற்றுப் புகாமல் அடைத்து, மூடி வழியே ஒரு மெல்லிய குழலை ஏறக்குறைய அடிவரை இறக்கிவிட்டால், காற்று அந்தக் குழலின் கீழ்முனை வழியாக மட்டுமே உள்ளே வரும். ஓட்டத்தைத் தீர்மானிக்கும் உயரம் அந்த முனையிலிருந்து கணக்காகும். மேலே திரவம் எவ்வளவு இருந்தாலும் வேகம் ஒன்றே. வால்வு-நேர முறையை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் குறைந்தபட்சம் இதையாவது செய்திருக்க வேண்டும். செய்வோர் அரிது. மாறாக, குப்பியை அப்படியே கவிழ்த்து, காற்றுக்கு வழியே விடாமல் வால்வில் செருகிவிடுகிறார்கள். உள்ளே வெற்றிடம் உருவாகி ஓட்டம் தடைப்படுகிறது, ஒரு பெருங்குமிழி ஏறியதும் களகளவென்று கொட்டுகிறது, மீண்டும் தடைப்படுகிறது. அந்த ஓட்டத்துக்கு நொடிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று எந்த எண்ணையும் சூட்ட முடியாது.

மரியோத் குப்பியும் பாகுநிலையை ஒன்றும் செய்யாது. அதுதான் இந்த வழக்கின் மையம். சர்க்கரை 60 சதவீதம் கரைந்த பாகை எடுத்துக்கொண்டால், 20 டிகிரித் தண்ணீரைப் போல அது 30 டிகிரியில் சுமார் 34 மடங்கு கெட்டி. 20 டிகிரியில் ஐம்பது மடங்குக்கு மேல். 10 டிகிரியில் நூறு மடங்கைத் தாண்டும். ஒரு மீட்டர் நீளமும் 4 மி.மீ. உள்விட்டமும் உள்ள குழாயில், 65 செ.மீ. உயரத்திலிருந்து இந்தப் பாகு 30 மி.லி. இறங்க அறைச் சூட்டில் ஏறத்தாழ 20 நொடி ஆகும். அதே பாகு குளிர்பெட்டியிலிருந்து வந்து 10 டிகிரியில் இருந்தால் ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். வால்வு 20 நொடியில் மூடிக்கொள்ளும். குவளையில் 10 மி.லி.கூட இருக்காது. பாகைக் காய்ச்சியவர் இன்னும் ஒரு கொதி கூடுதலாக விட்டிருந்தால் அடர்த்தி ஏறி, மீண்டும் கணக்கு வேறு. சர்பத்துப் பாகு ஒவ்வொரு முறையும் ஒரே பதத்தில் இறங்குவதில்லை என்பது அடுப்படியில் நிற்கும் எவருக்கும் தெரியும். தெரிந்தும், இயந்திரம் கட்டும்போது அதை மறந்துவிடுகிறார்கள்.

வெப்பநிலை உணரி ஒன்றை வைத்து நேரத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்று சிலர் வாதிடுவார்கள். அப்படியானால் மட்டத்துக்கு ஒரு திருத்தம், அடர்த்திக்கு ஒரு திருத்தம், குழாயில் படிந்த சர்க்கரைக்கு ஒரு திருத்தம் என்று தொடர வேண்டும். இத்தனை உணரிகளும் அட்டவணைகளும் சேர்ந்து தருவது மறைமுகமான ஓர் ஊகத்தைத்தான். குவளைக்குள் எவ்வளவு விழுந்தது என்ற ஒரே கேள்வியை நேராகக் கேட்டுவிட்டால் இவற்றில் ஒன்றும் வேண்டியதில்லை.

வால்வைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் வழக்கமாக வாங்கப்படும் வால்வே இந்த வேலைக்கு உரியதன்று. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அரை அங்குல, 12 வோல்ட் பிளாஸ்டிக் வால்வு, சலவை இயந்திரத்துக்குள் குழாய்த் தண்ணீரை விடுவதற்காக வடிவமைக்கப்பட்ட வகை. அதன் மின்காந்தம் முக்கிய வாயிலை நேராகத் திறப்பதில்லை. ஒரு சிறு துளையை மட்டும் திறக்கிறது. வரும் நீரின் அழுத்தம்தான் உள்ளிருக்கும் ரப்பர்த் தகட்டைத் தூக்கிப் பெருவழியைத் திறக்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்சம் 0.02 மெகாபாஸ்கல் அழுத்தம் தேவை என்று அதன் விவரத்தாள்களிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதை நீர்மட்ட உயரமாக மாற்றினால் இரண்டு மீட்டர். மேசைமேல் நிற்கும் இயந்திரத்தில் குப்பிக்கும் குவளைக்கும் இடையே அரை மீட்டர் இருந்தாலே அதிகம். வால்வு முழுதாகத் திறக்காமல் ஒழுகுகிறது. கட்டியவரோ ரிலேயையும் மின்கம்பியையும் சந்தேகித்து நாளைக் கழிக்கிறார். விவரத்தாளின் அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் அந்த உழைப்பு மிஞ்சியிருக்கும். நேரடியாகத் திறக்கும் வால்வுகளும் உண்டு, அவை அழுத்தமின்றியே வேலை செய்யும். ஆனால் அவற்றின் துளை பொதுவாகச் சில மில்லிமீட்டர்தான். எலுமிச்சையின் ஒரு சக்கைத் துணுக்கு அடைப்பின் விளிம்பில் சிக்கினால் போதும், வால்வு மூடாமல் இரவெல்லாம் சொட்டும்.

உடல்நலத்தோடு தொடர்புடைய இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நேரடி வால்வுகள் பலவும் பித்தளையால் ஆனவை. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் உண்டு, பலவற்றில் ஈயமும் சிறிதளவு சேர்ந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2க்கும் 3க்கும் இடைப்பட்டது. கார்பன் டை ஆக்சைடு கரைந்த சோடா செம்பை அரித்துக் குடிப்பவர்களுக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வந்த நிகழ்வுகள் இருந்ததால்தான், சோடா இயந்திரங்களில் செம்புக் குழாய்க்குள் அது திரும்பிப் போகாமல் தடுக்கும் அமைப்பைக் கட்டாயமாக்கினார்கள். புளிப்பான திரவத்தை இரவு முழுதும் பித்தளைக்குள் தேக்கி வைத்துக் காலையில் பரிமாறும் எந்த வடிவமைப்பையும் ஏற்க முடியாது.

நேர முறையின் குறைகளை ஒத்துக்கொள்வோரில் பலர் அடுத்துச் செல்லும் இடம் ஃப்ளோ சென்சார். உள்ளே சிறு சக்கரம் சுழல, அதிலுள்ள காந்தம் கடந்து செல்வதை எண்ணி ஓட்டத்தை அளக்கும் கருவி இது. கருத்தளவில் இது சரியான திசை, ஏனெனில் இது நேரத்தை விட்டுத் திரவத்தை எண்ணுகிறது. ஆனால் பரவலாக விற்கும் வகை நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர் ஓட்டத்துக்கானது. ஒரு லிட்டருக்குச் சுமார் 450 துடிப்புகள் தரும். ஒரு துடிப்புக்கு 2.2 மி.லி. என்றாகிறது. 30 மி.லி.க்குப் பதின்மூன்று துடிப்பு, 5 மி.லி. எலுமிச்சைச் சாற்றுக்கு இரண்டு. போதாததற்கு, 30 மி.லி. ஆறு நொடியில் விழுவதாக வைத்தால் ஓட்டம் நிமிடத்துக்கு 0.3 லிட்டர்தான், கருவி தன் கணக்குக்குப் பொறுப்பேற்கும் எல்லைக்கு வெகு கீழே. பாகில் அந்தச் சக்கரம் நின்றேவிடலாம். தோட்டத்துக் குழாய்க்கு ஏற்ற கருவியைக் கரண்டி அளவுக்குப் பயன்படுத்துவது கருவியின் குற்றமாகாது.

வால்வைக் கைவிட்டு டயாஃப்ரம் பம்பு வாங்கி, அதையும் நொடிக்கணக்கில் ஓடவிடுவது மற்றொரு வழக்கம். இதில் புவியீர்ப்புக்குப் பதில் மோட்டார் வந்ததே தவிர, பிழை அப்படியே இருக்கிறது. மின்னழுத்தம் சற்று இறங்கினால் வேகம் குறையும். இரண்டு பம்புகள் ஒரே மின்வழங்கியில் சேர்ந்து ஓடினால் மின்னழுத்தம் இறங்கக்கூடும். குப்பி குவளையைவிட உயரத்தில் இருந்தால், பம்பு நின்ற பிறகும் அதன் உள்வால்வுகள் ஓட்டத்தின் திசையிலேயே திறப்பவை என்பதால் திரவம் தானாக வடிந்துகொண்டே போகும். குப்பி தாழ்வாக இருந்தால் குழாயில் உள்ளது மெல்லப் பின்வாங்கும். ஒரு மீட்டர் நீளமும் 4 மி.மீ. உள்விட்டமும் உள்ள குழாய் கொள்ளும் அளவு சுமார் 12.6 மி.லி. இரவில் அது காலியாகிவிட்டால், மறுநாள் முதல் குவளைக்கு 30 மி.லி. கேட்டவருக்கு 17 மி.லி.தான் கிடைக்கும். நொடிகள் மட்டும் துல்லியமாகக் கழிந்திருக்கும்.

இந்த வேலைக்கு உண்மையில் ஏற்றது பெரிஸ்டால்டிக் பம்பு. வளைந்த சிலிகான் குழாயை உருளைகள் அழுத்தியபடி சுழலும். இரண்டு உருளைகளுக்கு இடையே சிக்கிய திரவம் முன்னே தள்ளப்படும். டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தத்தை நகர்த்துவதும் இதே வகைதான். இதில் வால்வு இல்லை. திரவம் உலோகத்தைத் தொடுவதில்லை. எலுமிச்சைச் சக்கை சிக்கிக்கொள்ள விளிம்பு இல்லை. நின்ற நிலையிலும் ஓர் உருளையாவது குழாயை அழுத்திக்கொண்டிருப்பதால் திரவம் முன்னும் வடியாது, பின்னும் போகாது. இன்னும் முக்கியமானது, ஒரு சுற்றுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்பது குழாயின் கொள்ளளவால் தீர்மானிக்கப்படுகிறது. குப்பியில் மட்டம் எங்கே நிற்கிறது என்பது அதற்குப் பெரிதாகப் பொருட்டில்லை.

ஆனால் பெரிஸ்டால்டிக் பம்பை வாங்கியவர்களும் பெரும்பாலும் அதைச் சாதாரண டி.சி. மோட்டாரோடு நொடிக்கணக்கில்தான் ஓட்டுகிறார்கள். சுற்றை எண்ணினால்தான் அதன் வலிமை கைக்கு வரும். ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரிக்கும் ஸ்டெப்பர் மோட்டார் இருந்தால், அளவை நிரலில் படிகளாக எழுதிவிடலாம். மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும், மோட்டார் படி தவறாதவரை கணக்கு மாறாது. குறைகள் இல்லாமலில்லை. நசுங்கிய குழாய் மீண்டும் விரிந்து பாகை உறிஞ்ச நேரம் வேண்டும். கெட்டிப் பாகில் வேகமாகச் சுழற்றினால் குழாய் முழுதாக நிரம்பாமல் அளவு குறையும். மெதுவாகச் சுழற்றினால் இது நீங்கும். குழாய் நாளடைவில் தளரும். ஒரே இடத்தில் நீண்ட நாள் அழுந்தி நின்றால் தட்டையாகும். எனவே அவ்வப்போது அளவைச் சரிபார்க்க வேண்டும், குழாயை மாற்ற வேண்டும். இவை தெரிந்த, மெல்ல வளரும் பிழைகள். ஒரே மாலைக்குள் மும்மடங்காக மாறும் பிழைகள் அல்ல.

இதற்கும் மேலான வழி, குவளையையே எடைபோடுவது. குவளை நிற்கும் தட்டின் அடியில் எடையை உணரும் ஒரு லோட் செல், அதன் நுண்ணிய மின்மாற்றத்தை எண்ணாக்க எச்.எக்ஸ்.711 சில்லு, இவ்வளவுதான். அந்தச் சில்லு 24 பிட் துல்லியத்தில் நொடிக்கு 10 அல்லது 80 முறை அளவு தரும். குவளை வைத்ததும் பூச்சியமாக்கி, பம்பை ஓட்டி, வேண்டிய எடை வந்ததும் நிறுத்த வேண்டும். மட்டம், வெப்பம், பதம், குழாயின் வயது, இரவில் காலியான குழாய் ஆகிய எதுவும் இதன் கணக்கில் நுழைவதில்லை. மில்லிலிட்டரைக் கிராமாக மாற்ற அடர்த்தி மட்டும் தெரிந்தால் போதும்: 60 சதவீதப் பாகு ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.286 கிராம், எனவே 30 மி.லி. என்பது 38.6 கிராம். மில்லிலிட்டரை விட்டுவிட்டுச் செய்முறைகளைக் கிராமிலேயே எழுதிக்கொண்டால் அந்தப் பெருக்கலும் தேவையில்லை.

நிறுத்தச் சொன்ன கணத்தில் காற்றில் விழுந்துகொண்டிருக்கும் துளிகள் எடையில் இன்னும் சேர்ந்திருக்காது. அதற்கு முன்கூட்டியே நிறுத்துவதும், கடைசிச் சில கிராம்களுக்கு வேகத்தைக் குறைப்பதும் ஆலைகளில் மூட்டையும் டப்பாவும் நிரப்பும் எடை இயந்திரங்களில் வழக்கமான நடைமுறை. முதலில் வேகமாக, முடிவில் மெதுவாக. பெரிஸ்டால்டிக் பம்போடு இதைச் சேர்த்தால் ஒரு கிராமுக்குள் பிழையை அடக்குவது கடினமில்லை. வேறெந்த முறையும் தராத ஒரு பயனும் இதில் உண்டு: பம்பு ஓடியும் எடை ஏறவில்லையென்றால் குப்பி காலி, அல்லது குழாய் கழன்றிருக்கிறது. இயந்திரம் உடனே நின்று சொல்லிவிடும். நேர முறையில் இயங்கும் இயந்திரம் காலிக் குப்பியிலிருந்து ஒன்றுமே ஊற்றாமல், பானம் தயார் என்று விளக்கெரித்துக் காட்டும். குவளையே வைக்காவிட்டாலும் ஊற்றும்.

எடை முறைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமானது ஒன்றுண்டு: ஒரு நேரத்தில் ஒரு திரவத்தைத்தான் ஊற்ற முடியும், ஆகவே தாமதம். ஐந்து திரவங்கள் சேர்ந்த பானத்துக்கு இது உண்மையில் சில நொடிகளைக் கூட்டும். அவசரமென்றால், பெரிய அளவில் ஊற்றும் தண்ணீரை எடையால் அளந்துகொண்டே, சிறிய அளவுகளைப் படி எண்ணும் பம்புகளிடம் விட்டு, மொத்த எடையை இறுதியில் சரிபார்க்கலாம். செலவு என்ற வாதத்துக்கு வலுவில்லை. வால்வு குப்பிக்கு ஒன்று வேண்டும். லோட் செல் இயந்திரத்துக்கு ஒன்றே போதும்.

வீட்டில் குடிப்பதற்குத்தானே, ஐந்து மில்லிலிட்டர் கூடினால் என்ன என்பதுதான் இறுதியாக எழும் வாதம். எலுமிச்சைச் சாறு 15 மி.லி. வேண்டிய இடத்தில் 20 விழுந்தால் குடிப்பவர் முகம் சுளிப்பார். சர்க்கரை நோயாளி ஒருவருக்காகக் குறைத்து வைத்த பாகு, குளிரில் ஒரு மாதிரியும் வெயிலில் மூன்று மடங்காகவும் விழுந்தால் அது சுவையோடு முடிகிற விஷயமன்று. மதுக்கலவைகளுக்கு இதே இயந்திரத்தைக் கட்டுவோர் உண்டு. அங்கே எத்தனை மில்லிலிட்டர் உள்ளே போயிற்று என்பதைக் குடிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் மதுக்கூடங்களில் கவிழ்த்த குப்பியின் வாயில் 25 மி.லி. அல்லது 35 மி.லி. கொள்ளும் அறையைப் பொருத்தி, அது நிரம்பியதை மட்டும் ஊற்றும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். மின்சாரமே இல்லாத அந்த எளிய அறை, கணினி ஓட்டும் நொடி வால்வைவிட நம்பகமானது. அது அளப்பது கொள்ளளவை.

சோடா மட்டும் இந்த முறைகளுக்குள் அடங்காது. அதை உருளையால் நசுக்கினாலும் வால்வின் குறுகிய வழியில் விட்டாலும் வாயு பிரிந்து நுரைத்துவிடும். நுரையை எடைபோடலாம், பரிமாற முடியாது. அழுத்தத்திலேயே வைத்து, நீண்ட மெல்லிய குழாயில் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக இழக்கவிட்டுக் குளிர்ந்த நிலையில் இறக்க வேண்டும். அதற்குத் தனிக் கலமும் வாயு உருளையும் வேண்டும். வீட்டு இயந்திரத்தில் மற்றவற்றை அளந்துவிட்டு, சோடாவைக் கடைசியில் கையால் ஊற்றி, எடைத் தட்டின் திரையைப் பார்த்து நிறுத்துவதே தக்கது.

எந்த முறையில் கட்டினாலும், முழுக் குப்பித் தண்ணீரில் செய்யும் சோதனை சோதனையாகாது. 750 மி.லி. குப்பியில் பரிமாறப்போகும் பாகையே நிரப்பி, 30 மி.லி. வீதம் காலியாகும்வரை ஊற்றி, முதல், நடு, கடைசிக் குவளைகளைத் தராசில் வைக்க வேண்டும். அதே பாகைக் குளிர்பெட்டியில் வைத்தெடுத்து மீண்டும் ஊற்ற வேண்டும். இரவு முழுதும் நிறுத்திவைத்து, காலையில் விழும் முதல் குவளையையும் எடைபோட வேண்டும். இந்த எடைகளில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாடுதான் அந்த இயந்திரத்தின் பிழை.